பக்கத்துச் சாக்கைப் புகழ்தல்

சீகிரியா,
12 பெப்ரவரி 2024

அன்புள்ள ஜமால்தீன் நாநாவுக்கு,

கண் ஆபரேஷன் முடிந்தது. வலது கண்ணில் கட்டு. இடது கண்ணால் எழுதுகிறேன். எழுத்து சாய்ந்திருந்தால் தாளைச் சாய்த்துப் பிடித்து வாசியுங்கள்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் என்னோடு பேசும்போதெல்லாம் நீங்கள் நடுவில் யாருக்கோ சாரத் துணியின் விலை சொல்கிறீர்கள். போன தடவை என் கண்ணில் பூ விழுந்த கதையைச் சொன்னேன். நீங்கள், "அது சாயம் போகாது, பயப்படாமக் கொண்டு போங்க" என்றீர்கள். எனக்குச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டு சிறிது நேரம் ஆறுதலாக இருந்தேன். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. முஸம்மில் ஞாயிறுதோறும் வெங்காய லொறியோடு நம் பொலச் சந்தைக்கு வருகிறவன். போகும்போதும் வரும்போதும் சந்தியில் நிறுத்தித் தபால்காரனாக இருக்கச் சம்மதித்திருக்கிறான்.

விஷயம் இதுதான். டொக்டர் தூசிக்குள் போகக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்கிறார். பொல என்றால் தூசியும் பாரமும்தான், வேறு ஒன்றும் அங்கே இல்லை. ஆகவே சித்திரை வருஷம் வரைக்கும் நான் மகள் தினுஷாவின் வீட்டில் இருக்கவேண்டும். அதுவரை என் மூலையை நீங்கள் பார்த்துக்கொள்ளவேண்டும். கேட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற அந்த மூலைக்கு எத்தனை பேர் நாக்கைத் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஆற்றங்கரைப் பொலவின் முறையும் தெரியும்: ஒரு ஞாயிறு விற்பனை நடக்காத இடம், மறு ஞாயிறு யாருக்கும் சொந்தம். உங்களிடம் விட்டுவந்த என் சாக்கை விரித்து மிளகு, கராம்பு, கொறக்காப் புளியில் கொஞ்சம் வையுங்கள். ஒரு பொட்டலமாவது விற்கவேண்டும். யாரும் வாங்காவிட்டால் நீங்களே வாங்குங்கள்.

மகள் நன்றாகத்தான் பார்க்கிறாள். ஆனால் நாநா, தேயிலைத் தோட்டத்தில் பேர் வெட்டி வேலை போன பிறகு, ஆரிடமும் கை நீட்டாமல் நான் தேத்தண்ணி குடித்தது அந்த மூலையால்தான். அது போனால் மருமகன் வீட்டு வாசலில் ரொட்டிக்குக் காத்திருக்கும் கிழவன் நான். மருமகன் சதீஸ்குமார் நல்லவன். நல்லவன் போடும் ரொட்டியும் தொண்டையில் நிற்கும்.

இன்னொன்று. நான் இல்லாததால் உங்கள் துணியைப் புகழ ஆளில்லை. அவசரப்பட்டு நீங்களே புகழ்ந்துவிடாதீர்கள். மாத்தளையிலிருந்து வந்த வளையல்காரனை நினைத்துப் பாருங்கள். காலையிலிருந்து தன் வளையலைத் தானே புகழ்ந்தான். பின்னேரம் எல்லா வளையலோடும் பஸ் ஏறினான். பக்கத்துச் சாக்குக்காரன் சொன்னால்தான் நம் பொலவில் அது சரக்கு. சின்ன வெங்காயக்காரியிடம் சொல்லிவையுங்கள், நான் வரும்வரை அவள் உங்களைப் புகழட்டும்.

இப்படிக்கு,
அழகமுத்து


ஆற்றங்கரைப் பொல,
18 பெப்ரவரி 2024

முத்தண்ணனுக்கு ஸலாம்.

நான் உங்களை அண்ணன் என்கிறேன், நீங்கள் என்னை நாநா என்கிறீர்கள். யார் மூத்தவர் என்ற வழக்கு தீரும்வரை இருவரும் இளமையாக இருப்போம், இன்ஷா அல்லாஹ்.

சாக்கு விரித்தாயிற்று. மிளகு விற்றது. கராம்பு விற்றது. கொறக்காவை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது பாவமாகக் கிடந்தது, ஆகவே நானே வாங்கிக்கொண்டேன். மிளகு விற்ற பிறகும் என்னத்துக்கு வாங்கினீர்கள் என்று கேட்பீர்கள். உங்கள் சாக்கிலிருந்து என் கையால் ஒன்று போகாவிட்டால் எனக்குப் பொல தொடங்கியது போலவே இல்லை. நீங்கள் இருந்தபோதும் முதல் வியாபாரம் என்னோடுதானே. வீட்டில் நப்லா பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, "போன கெழமயும் கொறக்கா, இந்தக் கெழமயும் கொறக்கா. மீன் வாங்கிட்டு வாங்க மனிசன், இல்லாட்டி இதயே ஆணம் காச்சித் தாரன்" என்றாள்.

ஒரு புதினம். நம் பொலவைத் திருத்தப் போகிறார்கள். 'சந்தை வழி வளம்' என்று ஒரு திட்டம். வெளிநாட்டுக் காசு. கூரை போட்டு, சீமெந்துத் திட்டு கட்டி, திட்டுக்கு நம்பர் போட்டுத் தருவார்களாம். அதற்கு மதுரன் என்று ஓர் உத்தியோகத்தர் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நல்ல மரியாதை. சேற்றில் சப்பாத்தோடு நின்று எல்லோரையும் "ஐயா" என்றார், மீன்காரனைக்கூட.

உங்கள் சாக்கைக் காட்டி, "ஐயா, இந்த மூலையில ஆர் இருக்கிறவர்?" என்று கேட்டார்.

நான் சும்மா இருப்பேனா? "அழகமுத்து அண்ணன்ட மூல இது. அவர் இப்ப ராசா மாதிரி ஈக்கிறார். மகள் சீகிரியா ஹோட்டல்ல பெரிய வேல. மருமகனுக்குச் சொந்த வாகனம். கண்ணக்கூட புதுசா மாத்திட்டார்" என்றேன்.

"எல்லாம் இந்தப் பொல உழைப்பிலயோ?"

"வேறென்ன? இந்த மூலயில குந்தி உழைச்சதுதான்."

பிள்ளை அப்படியே அசந்து போனார். உங்கள் விலாசம் கேட்டார். கொடுத்தேன். உங்களைப் புகழ்ந்து எவ்வளவு நாள்! வாய்க்கு ருசியாக இருந்தது.

கண்ணைக் கசக்காதீர்கள்.

ஜமால்தீன்


சீகிரியா,
4 மார்ச் 2024

அன்புள்ள நாநாவுக்கு,

கட்டு அவிழ்த்துவிட்டார்கள். உலகம் மிகவும் பளிச்சென்று இருக்கிறது. மருமகனின் த்ரீவீலில் இவ்வளவு கீறல் இருப்பது இப்போதுதான் தெரிந்தது.

எனக்கு இங்கே வேலை இல்லை. காலையில் சந்திக்குப் போய் நின்று, வெளிநாட்டுக்காரர்கள் பாறை ஏறப் போவதைப் பார்க்கிறேன். அவர்கள் காசு கொடுத்து வியர்க்கிறார்கள். தோட்டத்து மலையில் நாங்கள் காசு வாங்கிக்கொண்டு வியர்த்தோம். நாகரிகம் என்பது இந்த வித்தியாசம்தான் போலிருக்கிறது. பத்திரிகை இல்லாமல் கஷ்டமாக இருக்கிறது. பொலவில் என்றால் சரக்குச் சுற்றும் பழைய பத்திரிகைகளை வாசித்துவிட்டுத்தான் கிழிப்பேன். பாதிச் செய்தி எனக்கு, பாதி மிளகு வாங்கியவருக்கு. இந்த நாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பாதிப் பாதிதான். அதனால் நிம்மதியாக இருந்தேன்.

உங்கள் மதுரன் தம்பி இங்கே வந்தார்! கூடவே கமெராவோடு ஒருவர். நான் பதறிப் போய், உங்களிடம் வாங்கிய நீலக் கோடு போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டேன். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. தினுஷா வேலை செய்யும் ஹோட்டல் வாசலில், மருமகனின் த்ரீவீலில் கை வைத்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன். "சிரியுங்கோ ஐயா" என்றார். சிரித்தேன். உள்ளே தினுஷா வெளிநாட்டுக்காரர்களின் கட்டில் விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள், அவளைக் கூப்பிடவில்லை.

எதற்குப் படம் என்று கேட்டேன். "பொலவில போடுறதுக்கு ஐயா" என்றார். புதுத் திட்டுக்கு அடையாள அட்டை மாதிரி ஏதோ போலிருக்கிறது. எப்படியோ, மூலை உறுதியாகிவிட்டது. நீங்கள் புகழ்ந்த புகழ்ச்சிதான் அந்தத் தம்பியை இவ்வளவு தூரம் பஸ் ஏற வைத்தது. இதற்கு நான் என்ன கைம்மாறு செய்வேனோ தெரியவில்லை.

நோன்பு வருகிறது. இந்த வருஷம் பெருநாளும் சித்திரை வருஷமும் அடுத்தடுத்து வருவதாகக் கலண்டர் சொல்கிறது. துணி வியாபாரத்துக்கு இப்படி ஒரு வருஷம் எப்போது வரும்! நானும் பக்கத்தில் இருந்து உங்கள் கவுண்களைப் புகழக் கொடுத்துவைக்கவில்லை.

அழகமுத்து


ஆற்றங்கரைப் பொல,
17 மார்ச் 2024

முத்தண்ணனுக்கு,

நலம். நோன்பு என்பதால் நாக்கு வறண்டு கிடக்கிறது, ஆகவே அதிகம் எழுத முடியாது. வெயில் பயங்கரம். ஆற்றில் தண்ணீர் பாறைக்குக் கீழே போய்விட்டது. தேங்காய் விலையைக் கேட்டால் தேங்காயை விட்டுவிட்டு வந்துவிடுவீர்கள். என் மகள் ஜெஸ்லாவுக்கு டீச்சர் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். மீன்காரருக்கு இடுப்பு வலி. சின்ன வெங்காயக்காரி உங்களைக் கேட்டாள். நப்லாவும் கேட்டாள். முஸம்மிலின் லொறிக்குப் புது டயர். கண்ணுக்கு மருந்து விடுகிறீர்களா? விடவேண்டும். விடாமல் இருக்கக்கூடாது.

பொலவில் கூரை போட்டு முடிந்தது. அழகாகத்தான் இருக்கிறது. திட்டுகளையும் பங்கிட்டார்கள். ஆட்களைவிடத் திட்டுகள் குறைவு. ஆகவே இன்னும் கஷ்டப்படுகிறவர்களுக்கு முதலிடம் என்றார்கள். கஷ்டத்திலிருந்து மீண்டவர்களுக்குத் திட்டு இல்லை. ஆனால் அவர்களுக்கு மரியாதை உண்டு. உங்கள் படத்தைப் பெரிதாக அடித்து கேட்டுக்கு மேலே வைத்திருக்கிறார்கள். சட்டை நல்ல எடுப்பாகத் தெரிகிறது.

மூலை விஷயத்தில் ஒரு சின்ன சிக்கல். அதை இப்போதைக்கு எனக்குத் தந்திருக்கிறார்கள். நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வேறு ஆளுக்குப் போவதைவிட என்னிடம் இருப்பது நல்லது என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள்.

உங்கள் சாக்கு என் வீட்டில் பத்திரமாக இருக்கிறது.

ஜமால்தீன்


சீகிரியா,
25 மார்ச் 2024

திரு. ஜமால்தீன் அவர்களுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை, டொக்டரின் சொல்லை மீறி, பஸ் ஏறிப் பொலவுக்கு வந்தேன். தங்களுக்குத் தெரிந்திருக்காது. தாங்கள் ஒரு பெண்மணிக்குக் கவுணை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தீர்கள்.

கேட்டில் ஒரு காவலாளி இருக்கிறார். புதியவர். அவர் மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மேலே பார்த்தார். பிறகு எழுந்து நின்று, "ஐயா நீங்கதானே அது!" என்றார். நானும் மேலே பார்த்தேன். நான்தான். கறுப்புக் கண்ணாடி, நீலக் கோடு போட்ட சட்டை, பெரிய சிரிப்பு. கீழே மூன்று மொழியில் எழுதியிருந்தது: 'பொல என்னை உயர்த்தியது.' உண்மைதான். இதற்கு மேல் ஒரு மனிதனை உயர்த்த ஏணி வேண்டும்.

"என்ன வாங்க வந்தீங்க?" என்று காவலாளி கேட்டார்.

"விக்க வந்தேங்க," என்றேன்.

"சும்மா பகிடி பண்ணாதீங்க ஐயா. ஒங்களுக்கு எதுக்கு இனி யாவாரம்?"

அவர் நல்ல மனிதர். தன் கதிரையைத் தந்தார். என் படத்துக்குக் கீழே சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பார்த்தால் மூலை நன்றாகத் தெரிகிறது. புதுக் கண்ணில் மிக நன்றாகத் தெரிகிறது. தங்கள் துணிகள் என் இடத்தில் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

என்னைப் புகழ்ந்ததற்காகத் தங்கள்மேல் குற்றம் இல்லை. அது நம் பொலவின் பழக்கம். வாய் தானாகவே போகும். திரும்பும்போது முஸம்மிலின் லொறியில் வந்தேன், அவனிடமும் அப்படித்தான் சொன்னேன். அவன் லொறியை ஓரமாக நிறுத்தினான். பிறகு, "மாமா, ஒன்னு சொல்லவா? நான் அன்னைக்கி வெங்காயம் எறக்கிக்கிட்டு அங்கதான் நின்னேன். திட்டு பத்தாது, நல்லா இருக்கிறவங்களுக்குக் கெடையாதுன்னு அந்தத் தம்பி மொதல்லயே சொல்லிட்டாருங்க. அதுக்குப் பொறவுதான் நாநா ஒங்களப் புகழ ஆரம்பிச்சாரு" என்றான்.

அதற்குப் பிறகு அந்தத் தம்பி, "உங்கட நிலைமை எப்பிடி ஐயா?" என்று தங்களைக் கேட்டாராம். தாங்கள், "எங்கட நெலம அல்லாஹ்வுக்குத்தான் தெரியும் தம்பி" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தீர்களாம். விற்க வைத்திருந்த துவாயால். பிறகு அதை மடித்து மறுபடி விற்க வைத்தீர்களாம்.

நம் பொலவில் தன் சாக்கைப் பற்றித் தான் பேசக்கூடாது. புகழக்கூடாது என்பது மட்டுமல்ல, இகழவும் கூடாது. என் சாக்கைப் பற்றித் தாங்கள் பேசலாம், தங்கள் சாக்கைப் பற்றி நான் பேசவேண்டும். நான் இல்லாதபோது தங்களைப் பற்றித் தாங்களே பேசியிருக்கிறீர்கள். அந்த வளையல்காரனாவது வெளியூர் ஆள்.

இரண்டு ரொட்டிக்கு மேல் மகள் வீட்டில் நான் கேட்பதில்லை. இனி ஒன்று போதும் என்று சொல்லிவிட்டேன். பசி இல்லை என்று சொன்னேன், நம்பிவிட்டார்கள். உயர்ந்த மனிதன் சொன்னால் நம்புகிறார்கள்.

அழகமுத்து


மாத்தளைப் பொல,
9 ஏப்ரல் 2024

முத்தண்ணனுக்கு,

'தாங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

முஸம்மில் சொன்னது சரி. ஆனால் ஒரு லொறிக்காரனுக்குக் கேட்டது மட்டும்தான் கேட்டிருக்கும். கொரோனாவுக்குப் பிறகு ஆட்கள் என் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லா ஈக்கு" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். பொல பொலவாகத் துணியைக் கட்டிக்கொண்டு போய், அதே துணியைக் கட்டிக்கொண்டு வருகிறேன். ஆட்கள் பழைய சாரத்தையே உடுத்தப் பழகிவிட்டார்கள். இந்த ஒரு பெருநாளும் வருஷமும் போனால் நான் இந்தத் தொழிலில் இல்லை. ஜெஸ்லாவின் படிப்பும் இல்லை. பிள்ளை கேள்வி கேட்டபோது அது எல்லாம் ஒன்றாக வாய்க்கு வந்தது. கண் கலங்கியது நடிப்பு இல்லை. துவாய் கைக்குப் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

உங்களைப் பற்றி நான் சொன்னதில் ஒரு பொய் காட்டுங்கள். மகள் ஹோட்டலில் வேலை செய்யவில்லையா? மருமகனிடம் வாகனம் இல்லையா? கண் மாறவில்லையா? நான் புகழ்ந்தேன். ஆனால் படத்தில் சிரித்தது நீங்கள். மூலை கிடைக்கும் என்று நினைத்ததும் த்ரீவீலில் கை வைத்து ராசா மாதிரி நின்றது நீங்கள். "தம்பி, இது லீசிங் கடன் வண்டி, என் மகள் துணி துவைக்கிறாள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். சொல்லவில்லை. சொல்ல வெட்கம். அந்த வெட்கத்தை என் தலையில் போடாதீர்கள்.

இதோடு ஒரு சாரம் அனுப்புகிறேன். வருஷத்துக்கு உடுத்துங்கள். திருப்பி அனுப்பினால் முஸம்மில் எடுத்துக்கொள்வான், அவனுக்கு நான் தரமாட்டேன்.

ஜமால்தீன்


சீகிரியா,
30 ஏப்ரல் 2024

பேரன்புக்குரிய ஜமால்தீன் நாநாவுக்கு,

சாரம் கிடைத்தது. மிகவும் நல்ல சாரம். நீங்கள் சொன்னது நியாயம்தான் என்பதை உணர்ந்தேன். ஒருவன் வாய் திறக்கவேண்டிய இடத்தில் திறக்கவேண்டும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை திறந்தேன்.

நீங்கள் அங்கே இருந்தாலும், கூட்டத்தில் சரியாகக் கேட்டிருக்காது என்பதால் விவரமாக எழுதுகிறேன். காசு கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க வருகிறார்கள், நீங்கள்தான் ஐயா பேசவேண்டும் என்று மதுரன் தம்பி வாகனம் அனுப்பினார். மாலை போட்டார்கள். கதிரை போட்டார்கள். என் மூலைக்கு எதிரே மேடை. நான் பேசியதை ஒரு பெண்பிள்ளை இங்கிலீஷில் சொன்னாள்.

என்னைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "எங்க பொலவுல தன்னப் பத்திப் பேசுற பழக்கம் இல்லீங்க. பக்கத்துக்காரரப் பத்திப் பேசுறேன்," என்றேன். அவர்களுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. கைதட்டினார்கள்.

பிறகு உங்களைப் புகழ்ந்தேன். ஒரு பொய் சொல்லவில்லை. "ஜமால்தீன் நாநா வூட்டுக்கு மேல் மாடி வருதுங்க" என்றேன். கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறதே, அது எத்தனை வருஷமாக நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அவர்கள் கேட்கவில்லை. "அவரு மக டீச்சராகப் போறாங்க" என்றேன். "மச்சான் பஸ்லி கட்டார்ல இருக்காரு" என்றேன். பஸ்லி அங்கே கார் கழுவுவதை எதற்குச் சொல்லவேண்டும், தினுஷா துவைப்பதை நீங்கள் சொன்னீர்களா? பிறகு எழுந்து நின்று சாரத்தைக் காட்டினேன். "இது அவரு சும்மா தந்ததுங்க. வாங்கிக்கிட்டு இருந்த மனுசன் இப்ப குடுக்குற நெலமைக்கு வந்துட்டாரு" என்றேன்.

அந்தப் பிள்ளை இங்கிலீஷில் சொன்னதும் ஒரு வெள்ளைக்கார அம்மா எழுதிக்கொண்டாள். இன்னும் ஏதாவது உண்டா என்பது போல் பார்த்தாள். ஆகவே கடைசியாக, "நான் கண்ணக் கட்டிக்கிட்டுக் கெடந்தப்ப வாரா வாரம் என்னோட கொறக்காவ வாங்குனாரு. அவங்க வூட்ல அதுக்குத் தேவையே இல்லீங்க. தேவையில்லாத சாமான வாங்குறதுன்னா எவ்வளவு வசதி வேணும்!" என்றேன். அதற்குத்தான் பெரிய கைதட்டல்.

நீங்கள் முன்வரிசைக்கு வந்து இரண்டு கையையும் ஆட்டினீர்கள். சந்தோஷத்தில் ஆட்டுகிறீர்கள் என்று நினைத்து நானும் பதிலுக்கு ஆட்டினேன்.

மதுரன் தம்பி உங்களிடம் விலாசம் கேட்டதையும் பார்த்தேன். படம் எடுக்க வந்தால் நல்ல சட்டை போடுங்கள். உங்களிடம் இல்லாததா?

அழகமுத்து


ஆற்றங்கரைப் பொல, கேட்டுக்கு வெளியே,
19 மே 2024

அழகமுத்து அவர்களுக்கு,

வந்தார்கள். பிடித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் கமெராக்காரன் எப்படியோ சிரிக்க வைத்துவிட்டான். படத்தில் பல் தெரிகிறது. கேட்டுக்கு மேலே உங்களுக்கு வலது பக்கம் நான். அடித்தவன் என்ன நினைத்தானோ, இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பது போல் வைத்திருக்கிறான். போகிறவர்கள் வருகிறவர்களெல்லாம், "நல்ல சோடி" என்கிறார்கள்.

மீளாய்வு என்று ஒன்று நடத்தினார்கள். நானும் மீண்டுவிட்டேனாம். திட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். மதுரன் பிள்ளையிடம் கெஞ்சினேன். "அழகமுத்து சொன்னதெல்லாம் சும்மா தம்பி, எங்கட பொலவுல அப்பிடித்தான் புகழுற" என்றேன். பிள்ளை திகைத்துப் போய், "அப்ப அவரைப் பற்றி நீங்கள் சொன்னதும் சும்மாவோ ஐயா?" என்று கேட்டார். என்ன சொல்வேன்? ஆம் என்றால் நான் பொய்யன். இல்லை என்றால் நான் பணக்காரன். துணியைக் கட்டினேன்.

மூலை யாருக்குப் போயிற்று என்று அறிய ஆசையாக இருக்கும். ஒருவருக்கும் இல்லை. அங்கே ஒரு மேசையும், கிராமியப் பொலவால் வறுமை குறைவது எப்படி என்ற துண்டுப் பிரசுரமும் வைத்திருக்கிறார்கள். விற்பனை எதுவும் நடப்பதில்லை. பழைய முறைப்படி பார்த்தால் அந்த இடம் மறு ஞாயிறே போயிருக்கவேண்டும். பிரசுரத்துக்கு அந்த முறை தெரியாது.

நான் இப்போது கேட்டுக்கு வெளியே, சாக்கடைக் கானுக்குப் பக்கத்தில், தார் ரோட்டு ஓரத்தில். பஸ் போகும்போதெல்லாம் கவுண்கள் பறக்கின்றன. ஜெஸ்லா படிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவளாகவே சொன்னாள். நான் கேட்காமலே சொன்னாள்.

நான் செய்தது பிழை. ஆனால் பயத்தில், வாயில் வந்ததைப் பேசிச் செய்த பிழை. நீங்கள் இரண்டு மூன்று கிழமை யோசித்து, சாரத்தை மடித்து வைத்து, மாலையும் போட்டுக்கொண்டு செய்தீர்கள். மேல் மாடியைச் சொன்னீர்கள், போகட்டும். பஸ்லியைச் சொன்னீர்கள், போகட்டும். சாரத்தையும் சொன்னீர்கள், அது குற்ற உணர்ச்சியில் தந்ததுதான், எடுத்துக்கொள்ளுங்கள். கொறக்காவைச் சொல்லியிருக்க வேண்டாம். அதில் என் பக்கம் ஒரு சூதும் இல்லை. நம் இரண்டு பேருக்கு நடுவில் சுத்தமாக இருந்தது அது ஒன்றுதான். அதற்குத்தான் பெரிய கைதட்டல் வாங்கினீர்கள்.

நப்லா மிச்சமிருந்த கொறக்காவையெல்லாம் கானில் கொட்டிவிட்டாள்.

கானுக்கும் எனக்கும் நடுவில் ஒரு சாக்கு அளவுக்கு இடம் இருக்கிறது. உங்களுக்காக நான் சாக்கு விரிக்கமாட்டேன். யாராவது வந்து குந்தினால் எழுப்பவும் மாட்டேன். இருக்கிறது என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஜமால்தீன்


சீகிரியா,
23 மே 2024

ஜமால்தீன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கொறக்காவைப் பற்றி எழுதியதை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தேன். 

இங்கே ரொட்டி ஒன்றாகவே இருக்கிறது. தினுஷா கண்டுபிடித்துவிட்டாள். தன் தட்டிலிருந்து பாதியைப் பிய்த்து வைக்கிறாள், நான் அதை நாய்க்குப் போடுகிறேன், அவள் பார்க்காதது போல் இருக்கிறாள். இப்படியே வருஷக்கணக்கில் போகலாம். நாய் கொழுத்துவிட்டது. இந்த வீட்டில் உண்மையிலேயே வறுமை குறைந்தது அதற்குத்தான்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். முஸம்மிலின் லொறியில் வருவேன். மிளகும் கராம்பும் நானே கொண்டுவருகிறேன். கொறக்கா கொண்டுவரமாட்டேன். உங்கள் வீட்டில் இருக்கும் என் பழைய சாக்கை எடுத்துவர வேண்டாம்; புதுச் சாக்கு வாங்கியிருக்கிறேன். உங்கள் பக்கத்தில்தான் உட்காரவேண்டியிருக்கும். வேறு இடம் இல்லை, உங்களுக்கும் எனக்கும்.

ஒன்று மட்டும். யாராவது என் மிளகைக் காட்டி, இது நல்லதா என்று உங்களைக் கேட்டால் நீங்கள் வாய் திறக்க வேண்டாம். நானே சொல்லிக்கொள்கிறேன்.

அழகமுத்து